உட்கார்ந்த முனியும் ஒரு தகரப் பலகையும்

“அப்ப இத்தனை வருஷமா நான் யார்கிட்டடா பேசிக்கிட்டிருந்தேன்?”

என் அக்கா வசந்தா இப்படிக் கேட்டபோது காலை எட்டரை மணி இருக்கும். நெரவியில் என் வீட்டுக் கூடம். அவள் கையிலிருந்த காப்பியில் ஆடை படிந்துவிட்டது. சுரக்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவளின் புடவை ஓரத்தில் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. நான் ஆபீசுக்குக் கிளம்பி, பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு நின்றிருந்தேன்.

எளிமையான கேள்விதான். அந்த விஷயத்தில் நான் இருபது புத்தகமாவது படித்திருந்தேன். ஒன்றிலும் இதற்குப் பதில் இல்லை.

சென்ற வாரம் என் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியதிலிருந்து வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை தொடங்கவில்லை. அந்த அமைதியில் உட்கார்ந்து இந்த வாரம் மதங்களைப் பற்றி எழுதுகிறேன். மாமியார் வீட்டு ரசத்தைவிட இது ஆபத்தில்லாத விஷயம்.

ரத்த அழுத்தமும் ஞானமும்

நாற்பத்தெட்டாவது வயதில், ரத்த அழுத்தம் காரணமாக, நான் பௌத்தன் ஆனேன்.

சித்தார்த்தர் ஒரு கிழவரையும் ஒரு நோயாளியையும் ஒரு பிணத்தையும் பார்த்துவிட்டு அரண்மனையைத் துறந்தார். நான் டாக்டர் மேசையிலிருந்த கருவியில் ஓடிய எண்ணைப் பார்த்துவிட்டு ஊறுகாயைத் துறந்தேன். “டென்ஷன் ஆகாதீங்க” என்றார் டாக்டர். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் எழுதும் குமாஸ்தாவிடம் சொல்கிற பேச்சா அது? இருந்தாலும் புத்தகங்கள் வாங்கினேன். மூச்சைக் கவனி என்றன. கவனித்தேன். தினமும் காலையில் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்தேன்.

வீட்டில் எதிர்ப்பே இல்லை. “அரை மணி நேரம் வாயைத் தொறக்காம இருக்கீங்கள்ல, அதுவே பெரிய புண்ணியம்” என்றாள் மனைவி.

ஆனால் ஒரு மதத்தில் சேர்ந்தால் மட்டும் போதாது; வாதாட எதிராளி வேண்டும். அதற்கு அருளப்பன் இருந்தான்.

அருளப்பன் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது வரலாற்று வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் வாசகம் வாசிப்பவன். குரல் கணீரென்று இருக்கும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் இருவரும் நடப்போம். உடம்புக்காக ஆரம்பித்த நடை. இரண்டு மதங்களும் அதில் சேர்ந்துகொண்ட பிறகு நடை குறைந்து, நின்று கத்துவது அதிகமாயிற்று.

“கடவுள் இருக்காரா இல்லையான்னு கேட்டதுக்கே ஒங்காளு வாயத் தொறக்கலைய்யா. வாயே தொறக்காதவர்கிட்ட போய் என்னத்த வேண்டுறது?” என்பான்.

“வேண்டவே வேணாங்கிறதுதான்யா விஷயம். ஒங்காளு கேட்டா குடுக்கறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னையிலேர்ந்து ஒரே கூட்டம்” என்பேன் நான்.

“எங்காளு அடுத்தவனுக்காகச் செத்தாருய்யா.”

“எங்காளு எண்பது வயசு வரைக்கும் இருந்து பொறுமையா பாடம் நடத்தினாரு. வாத்தியாரு நீ, ஒனக்கு யாரப் புடிக்கணும்?”

சுண்டல் விற்பவர் எங்களைக் கண்டால் ஒதுங்கிப் போவார்.

மூன்று வைத்தியர்கள்

துன்பம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் மதங்களுக்குள் சண்டையே. ஆசையிலிருந்து வருகிறது என்றார் புத்தர். பாவத்திலிருந்து என்கிறது அருளப்பன் தரப்பு. எங்கள் ஊருக்கு மேற்கே திருநள்ளாற்றுக்குப் போனால், ஜாதகத்தில் இந்தக் கட்டத்திலிருந்து என்று விரலை வைத்தே காட்டிவிடுவார்கள்.

மருந்தும் அப்படியே. புத்தரின் மருந்து ஆயுள் முழுக்கப் பத்தியம். கிறிஸ்துவின் மருந்தில் பாதியை வைத்தியரே நமக்காகக் குடித்துவிட்டார். மீதிக்கு நம்பிக்கை போதும். திருநள்ளாற்றில் எண்ணெய் தேய்த்து ஒரு முழுக்கு, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு லாட்ஜுக்குத் திரும்பி இட்லி.

பழைய பிக்குகள் பிறர் வீசியெறிந்த துணிகளைத் தைத்து உடுத்தியவர்கள் என்று படித்திருக்கிறேன். சங்கத்தோடு புத்தர் ஒரு சனிக்கிழமை திருநள்ளாற்றுக் குளக்கரைக்கு வந்திருந்தால், அத்தனை பேருக்கும் ஜீன்ஸே கிடைத்திருக்கும்.

இன்னொன்று. இரண்டு மதங்களையும் தொடங்கி வைத்தவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பிப் போன ஆண்கள். ஒருவர் மனைவியையும் பச்சைக் குழந்தையையும் விட்டுப் போனார். மற்றவர் தச்சுப் பட்டறையையும் அம்மாவையும் விட்டுப் போனார். கிறிஸ்தவர்கள் புத்திசாலிகள், அம்மாவைக் கூட்டி வந்து கோயிலில் வைத்துவிட்டார்கள். அதனால்தான் எங்கள் பக்கத்தில் புத்தருக்கு ஒரு பஸ்கூட இல்லை, மாதாவுக்கு ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள். இதை நான் சொன்னபோது அருளப்பன் ஒத்துக்கொண்டான். அவன் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது.

கால் வலித்த முனி

சுரக்குடியில் அக்காவின் வயலை ஒட்டி, வாய்க்கால் மேட்டில் ஒரு கருங்கல் சிலை உண்டு. சம்மணம் போட்டிருக்கும். மடியில் கைமேல் கை. மூக்கில் பாதி இல்லை. ஊர் வைத்த பெயர் உட்கார்ந்த முனி. மற்ற ஊர் முனிகள் அரிவாளோடு நிற்கையில் இவர் மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்றால், ஊரைச் சுற்றிச் சுற்றிக் காவல் காத்ததில் கால் வலி என்பார்கள்.

ஆடி வெள்ளியில் அவருக்குச் சேவல், சுருட்டு, பிராந்தி. காரைக்கால் முனியாதலால் பிராந்தியில் குறை வைப்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்து முனிகள் அதே சரக்குக்குக் கூடுதல் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

நான் அங்கே போயிருந்த ஒருநாள், ஏதோ ஆராய்ச்சிக்காக வந்த மாணவி ஒருத்தி சிலையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தாள். அந்தச் சுருள் முடி, நீண்ட காது, தலை உச்சியில் முடிச்சு. பிறகு என்னிடம் திரும்பி, “சார், இது புத்தர்” என்றாள்.

எனக்குப் புல்லரித்தது. நான் புத்தரைத் தேடி எங்கெங்கோ புத்தகம் வாங்கிக்கொண்டிருக்க, அவர் என் அக்கா வயலுக்குக் காவல் இருந்திருக்கிறார். கொல்லாதே, குடிக்காதே என்று சொன்னவரின் முன்னால் சேவலை அறுத்து பிராந்தியை ஊற்றியிருக்கிறோம். இத்தனை காலம் எழுந்து போகாமல் இருந்தாரே, அது ஒன்றே அவர் ஞானம் பெற்றவர் என்பதற்குச் சாட்சி.

அருளப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அதிக நேரம் சிரிக்க நான் விடவில்லை. அவன் கோயில் திருவிழாவை அடுக்கினேன்: கொடியேற்றம், தேர், மாதாவுக்குப் பட்டுப்புடவை, வேண்டுதல் மொட்டை, அந்தோணியார் பெயரில் ஆடு அடித்து விருந்து. “ஏசுநாதரே நம்ம ஊரு திருவிழாவுக்கு வந்தா, இது எந்தச் சாமிக்குன்னு பக்கத்துல நிக்கறவனைக் கேப்பாருய்யா” என்றேன். இந்த மண்ணில் எந்த மதத்தை நட்டாலும் மூன்றாம் போகத்தில் அது மொட்டையும் படையலுமாகத்தான் விளையும்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் பெயின்டரிடம் போய் ஒரு தகரப் பலகை எழுதி வாங்கினேன்.

‘இது புத்தர் பெருமானின் திருவுருவம். முனி அன்று. இங்கே உயிர்ப்பலி, மது, சுருட்டு கூடாது.’

அடியில் ‘இவண்’ என்று போட்டு என் பெயர். என் பெயர் மட்டும் சிவப்பில். பலகை சிலையைவிட ஒரு சாண் உயரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுபோய் நட்டுவிட்டு வந்தேன். உலகத்துக்கு ஒரு உண்மையைச் சொல்லிவிட்ட களைப்பில் மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஒன்றும் கேட்காதவர்

திங்கட்கிழமை காலையில் அக்கா மடை திறக்கப் போனபோது பலகையைப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்து நேரே பஸ் ஏறிவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அத்தான் கலியமூர்த்திக்கு அந்த வியாழக்கிழமை பாண்டிச்சேரி ஆசுபத்திரியில் இதய ஆபரேஷன். தேதியை விட்டால் அடுத்தது ஒன்றரை மாதம் கழித்து. அதுவரை தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அன்றே அக்கா முனியிடம் சேவல் வேண்டிக்கொண்டுவிட்டாள். இது எனக்குத் தெரியாது. அவள் தினமும் மடை திறக்கும்போது முனியிடம் பேசுவாள் என்பதும் தெரியாது.

“பலகையில என்னமோ எழுதியிருக்கியே, நெசமா?”

“நெசம்தான்க்கா. அது முனி இல்ல, புத்தர்.”

“சரி, புத்தர். கோழி ஆவாதா? தேங்கா ஒடைக்கட்டா?”

“ஒண்ணும் வேணாம்க்கா. அவரு யார்கிட்டயும் ஒண்ணும் கேக்க மாட்டாரு.”

“அப்ப ஒண்ணும் செய்யவும் மாட்டாரா?”

பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட உற்சாகம் எனக்கு. “மாட்டாரு! அதுதான்க்கா அவரோட பெருமையே. நம்ம கஷ்டத்த நாமளேதான் தாண்டணும்.”

அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். இத்தனை வருஷமாக யாரிடம் பேசினேன் என்று. கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

நான் அவசரமாக ஒரு கதை சொன்னேன். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு புத்தரிடம் ஓடிவந்தாள் ஒரு தாய். சாவே நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்றார் புத்தர். அவள் வீடு வீடாக அலைந்து, அப்படியொரு வீடு உலகத்தில் இல்லை என்று புரிந்துகொண்டாள்.

“புள்ளயப் பறிகுடுத்தவளையா கடுகு வாங்கியாரச் சொன்னாரு?” என்றாள் அக்கா. “தெருத்தெருவா அலய விட்டாரா? அவளுக்கு ஒரு வாய் காப்பி குடுத்து ஒக்கார வைக்க ஒரு பொம்பள இல்லையாடா அந்த ஊர்ல?”

எழுந்துகொண்டாள். “ஒங்க அத்தானை நான் அனுப்பமாட்டேன். யாரு பொறுப்புன்னு தெரியாம நெஞ்சைக் கிழிக்க விடமுடியாது.”

நான் அத்தானுக்குப் போன் செய்தேன். அவர் சாதுவான மனிதர். நெல்லைத் தவிர எதைப் பற்றியும் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். “அவ சொன்னா போறேன் மாப்ள. டாக்டரும் உறுதி சொல்லமாட்டேங்கிறாரு, ஒங்க புத்தரும் சொல்லமாட்டேங்கிறாரு. அவ ஒருத்தி சொல்லுவான்னுதான் இருந்தேன். அவளையும் நீ ஊமையாக்கிட்டியே.”

ஆசையை விட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்று ஒரே ஒரு ஆசை இருந்தது. வியாழக்கிழமை அத்தான் ஆபரேஷன் மேசையில் படுக்கவேண்டும்.

மூன்றாவது பெஞ்சு

வேறு வழியில்லாமல் எதிரியிடமே போனேன்.

“ஒங்க கட கதவு மூடியிருக்குன்னு எங்க கடைக்கு அனுப்புறியாக்கும்” என்றான் அருளப்பன். முகத்தில் அப்படியொரு பிரகாசம். “கூட்டிட்டு வாய்யா. எங்காளு கண்டிப்பா கேப்பாரு.”

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்காவை மாதா கோயிலுக்கு அழைத்துப் போனோம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே மெழுகு வாசனையும் பழைய மர வாசனையுமாகக் குளுமை. அக்கா வாசல்படியைத் தொட்டுக் கும்பிட்டாள். உள்ளே போனதும் பழக்கத்தில் பீடத்தை வலம்வரக் கிளம்பினாள். அருளப்பன் பதறிப் பிடித்து நிறுத்தி பெஞ்சில் உட்காரவைத்தான். பிறகு அவன் கதையைச் சொன்னான். ஏசுநாதரின் சிநேகிதர் நோயில் இறந்து, கல்லறையில் நாலு நாள் ஆகிவிட்டது, அவருடைய அக்கா தங்கை இருவரும் கதறுகிறார்கள். ஏசுநாதர் முதலில் அவர்களோடு சேர்ந்து அழுதார். பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டார். செத்தவர் எழுந்து வந்தார். நல்ல குரல் அவனுக்கு. எனக்கே மயிர் சிலிர்த்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

“நல்ல மனுஷன், சேந்து அழுதிருக்காரு,” என்றாள். “ஏன் வாத்தியாரே, எந்திரிச்சு வந்தாரே அவரு, இன்னும் இருக்காரா?”

“அது எப்படிக்கா... பொறவு வயசாகி...”

“அப்ப அந்த அக்கா தங்கச்சி ரெண்டு தடவ அழுதிருக்கும்.”

ஞாயிறுதோறும் வாசகம் வாசித்தவனை இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

“சரி, இவரு கேப்பாரா?”

“கேப்பாருக்கா. எல்லாத்தையும் கேப்பாரு.”

“கேட்டா செஞ்சுருவாரா?”

அதற்கு அருளப்பனிடம் தயாராக ஒரு பதில் உண்டு. கடற்கரையில் என்னிடம் பலமுறை சொன்னதுதான். வாயைத் திறந்தவன் நிறுத்திவிட்டான். அவன் பார்வை பக்கவாட்டில், முன்னாலிருந்து மூன்றாவது பெஞ்சுக்குப் போனது. அவன் மனைவி ஸ்டெல்லா அங்கேதான் உட்காருவாள். அவள் நோயில் போய்ச் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“கேப்பாருக்கா,” என்றான் மறுபடியும், அவ்வளவுதான்.

அக்கா புரிந்துகொண்டாள். “ஒங்க வீட்டம்மாவுக்கு வேண்டிக்கிட்டீங்களா?”

“முட்டி தேய.”

“அப்புறமும் வர்றீங்களே.”

“வேற யார்கிட்டக்கா போய் சண்டை போடறது?”

மத அரட்டையில் நான் ஆயிரம் மணி நேரமாவது செலவழித்திருப்பேன். அருளப்பன் ஏன் கிறிஸ்தவன் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கேட்டது நானில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தீர்ப்பு

திரும்பும்போது ஆட்டோ திருநள்ளாறு தாண்டியதும் அக்கா ஆரம்பித்தாள்.

“ஒங்க புத்தரு கேக்கவே மாட்டாரு. வாத்தியாரு சாமி கேப்பாரு, செய்யறது அவரு இஷ்டம். எங்க முனி கேப்பாரு. செய்யலேன்னா அடுத்த ஆடிக்குக் கோழி கெடையாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லலாம். எனக்கு முனியே போதும்டா.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் எப்படிப் படித்தவன்? “ஆனா அக்கா, அது முனி இல்லையே...”

“இருக்கட்டும்டா. அவரு ஊர்ல ஒண்ணும் கேக்காதவராவே இருக்கட்டும். இஞ்ச வந்து எத்தன காலமாச்சு? தெனம் நாலு பேரு போய் நின்னு பொலம்புறோம். கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கமாட்டாரா? ஆபீசுல சேந்த புதுசுல நீகூடத்தான் யாரு வாங்கிக் குடுத்தாலும் டீ குடிக்கமாட்டே. இப்ப எப்படி இருக்கே?”

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அவர் மகளின் பிறப்புச் சான்றிதழ் என் மேசையில்தான் இருந்தது என்று பிறகு ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலமே பலகையைப் பிடுங்கினேன். நட்டதைவிடப் பிடுங்குவது கஷ்டமாக இருந்தது. நான் வியர்த்து விறுவிறுத்து நிற்க, அக்கா சிலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தணிந்த குரலில் ஏதோ பேசினாள். என் பெயர் இரண்டு முறை காதில் விழுந்தது. சிபாரிசு இல்லை என்று தொனியில் தெரிந்தது.

கதவுக்கு வெளியே

வியாழக்கிழமை. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். அருளப்பன் லீவு போட்டுவிட்டு வந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தான். அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமில்லை அவளுக்கு, சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது.

நான் மூச்சைக் கவனித்தேன். உள்ளே போவதைக் கவனித்தேன். வெளியே வருவதைக் கவனித்தேன். அப்போது கதவு படாரென்று திறந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தார். யாரையும் பார்க்காமல் எதிர் அறைக்குள் போய், கையில் எதையோ எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார். கதவு மூடிக்கொண்டது.

அந்த நிமிஷத்தில் நான் மூச்சைக் கவனிக்கவில்லை. மூச்சே இல்லை. மனசுக்குள் ஒரு வாக்கியம் மட்டும் வந்தது. அதை அருளப்பனிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

மத்தியானம் மூன்று மணிக்கு டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். அருளப்பன் சிலுவை போட்டுக்கொண்டான். அக்கா, “தெரியும்” என்றாள்.

ஆடி வெள்ளி

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை சுரக்குடிக்குப் போனேன். அத்தான் வாய்க்கால் மேட்டில் நாற்காலி போட்டு, பனியனுக்குள் தழும்பைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அருளப்பன். அவன் கையில் ஒரு கட்டுச் சுருட்டு. “வேண்டுதல்லாம் இல்ல, சும்மா மரியாதைக்கு” என்றான்.

அக்காவின் சேவல் மரத்தடியில் கட்டிக் கிடந்தது. நான் ஸ்கூட்டரை நிறுத்தி முன்னால் மாட்டியிருந்த ஒயர் கூடையை எடுத்தேன். கூடையிலிருந்து இன்னொரு சேவல் தலையை நீட்டி எல்லோரையும் பார்த்தது.

அருளப்பன் சுருட்டுக் கட்டை மூக்கருகில் வைத்துக்கொண்டான், சிரிப்பை மறைக்க.

“இது யாரோட வேண்டுதல்?” என்றாள் அக்கா. பிறகு, “முனிக்கா, புத்தருக்கா?”

“சீக்கிரம் அறுக்கச் சொல்லுக்கா. நெரவியிலேர்ந்து வழி நெடுக என்னையே பாத்துக்கிட்டு வருது.”

சிலை அரைக்கண் மூடியபடி இருந்தது. முன்பெல்லாம் அதைத் தியானம் என்று விளக்குவேன். அன்று எனக்கென்னவோ, ஆபீஸ் ஜன்னலில் புலம்புகிறவரைக் குறுக்கிடாமல் கேட்கும் ஒரு நல்ல குமாஸ்தாவின் முகம் மாதிரி இருந்தது. அப்படியொரு குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை, கற்பனைதான்.

குழம்பு கொதித்தது. சாப்பிடலாமா என்று ஒரு தர்மசங்கடம். தனக்காகக் கொன்ற கறியைத்தான் பிக்கு தொடக்கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். இந்தச் சேவல் எனக்காகக் கொன்றதில்லை, புத்தருக்காகக் கொன்றது. ஆகவே புத்தர் சாப்பிடக்கூடாது, நான் சாப்பிடலாம். சோற்றைப் போடச் சொன்னேன்.

வாய்க்கால் மேட்டில் காற்று அதிகம். அடுப்பு அணையாமல் இருக்க அக்கா ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்தியிருந்தாள். “பலக நல்லா கெட்டியாத்தான் பண்ணியிருக்கே தம்பி” என்றாள். தலைகீழாக நின்றிருந்தது. புத்தர் பெருமானும் உயிர்ப்பலியும் கரியில் மறைந்துவிட்டார்கள். மேலே சிவப்பில் என் பெயர் மட்டும் புகை படாமல், தலைகீழாக, பளிச்சென்று தெரிந்தது.